அத்தையின் மனத்தாங்கல்

ஜன்னல் கட்டையில் இருந்த எவர்சில்வர் டம்ளரில் பால் ஆடை கட்டிக் கிடந்தது. காரைக்குடியில் நாங்கள் கட்டிய புது வீட்டில் முதன்முதலாகக் காய்ச்சிய பால். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று காலை கொடுத்திருந்த உத்தியோகம், தாம்பாளத்தில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு போய் வந்தவர்களுக்கெல்லாம் பால் கொடுப்பது. புதுப் பாவாடை தடுக்கிவிடாமல் நடப்பதிலேயே என் கவனம் முழுக்க இருந்தது. அத்தைக்கும் கொடுத்தேன். அப்பாவின் ஒரே தங்கை, தேவகோட்டையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். டம்ளரை வாங்கி, "சுடுதுடி, சித்த ஆறட்டும்" என்று ஜன்னலில் வைத்தாள். அது சுடவே இல்லை. தூக்கிக்கொண்டு வந்தவள் நான், எனக்குத் தெரியாதா? சாப்பாடெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போய், வீட்டைக் கழுவும்போதுதான் அம்மா அந்த டம்ளரைப் பார்த்தாள். உள்ளே ஓர் எறும்பு மிதந்தது. யாருக்குக் கொடுத்தது என்று கேட்டாள். சொன்னேன். அம்மா முகம் சுண்டிப்போய்விட்டது. "போச்சு. ஒங்க அத்தைக்கு மனத்தாங்கல்" என்றாள்.

அந்தச் சொல்லை அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். கல்லலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் எந்தக் கல்யாணம் முடிந்தாலும், எந்தக் காதுகுத்து முடிந்தாலும், பந்தல் பிரிப்பதற்குள் யாருக்காவது மனத்தாங்கல் என்று செய்தி வந்துவிடும். ஆனால் அதெல்லாம் அடுத்த வீட்டுக்காரர்களுக்கு வருவது. அம்மை, மஞ்சள்காமாலை மாதிரி யார் வீட்டிலோ இருப்பது. எங்கள் வீட்டுக்கே அது வந்துவிட்டது என்பது அன்றுதான் தெரிந்தது. சோகமாக இருக்க வேண்டும் என்று தெரிந்தாலும் உண்மையில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பெரிய குடும்பம் ஆகிவிட்டோம் என்று நினைத்தேனோ என்னவோ.

கோபம் என்றால் கத்தித் தீர்த்துவிடலாம். வருத்தம் என்றால் அழுது தீர்க்கலாம். குறை என்றால் வாய்விட்டுச் சொல்லலாம். குழம்பில் உப்பு இல்லை, இலையில் அப்பளம் வைக்கவில்லை என்று பந்தியிலேயே சொல்லி, அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். அதிருப்தி என்று ஒன்று இருக்கிறது, அது பேப்பரில் வருகிற பெரிய ஆட்களுக்கு வருவது. நம் வீட்டில் யாருக்கும் அதிருப்தி வந்து நான் பார்த்ததில்லை. மனத்தாங்கல் இவற்றில் எதுவும் இல்லை. முதலாவது, அந்நியர் மேல் அது வராது. பஸ் கண்டக்டர் எரிந்து விழுந்தால் கோபம் வரும், மனத்தாங்கல் வருமா? அது வர வேண்டும் என்றால் எதிரே இருப்பவர் மேல் முதலில் ஒரு உரிமை இருக்க வேண்டும். இரண்டாவது, அது யாருக்கு இருக்கிறதோ அவர் சொல்ல மாட்டார். அவுகளுக்கு மனத்தாங்கல், அவனுக்கு மாமன் மேல மனத்தாங்கல், அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் மனத்தாங்கல் என்று அடுத்தவர்தான் சொல்வார்கள். 'எனக்கு மனத்தாங்கல்' என்று ஒருத்தர் தன் வாயால் சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. கேட்டால் "எனக்கென்ன மனத்தாங்கல்?" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இருக்கிறது என்று.

பழைய செட்டியார் வீடு ஒன்றை ஓட்டலாக மாற்றியிருக்கிறார்கள். அங்கே ரிசப்ஷனில் ரொம்ப வருஷமாக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் வெந்நீர் வரவில்லை என்றால் துண்டைக் கட்டிக்கொண்டே வந்து சொல்லிவிடுவார்கள். குழாயைச் சரிசெய்ததும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். நம் பக்கத்து ஆட்கள் இருக்கிறார்களே, தங்கிவிட்டுக் கிளம்பும்போது "எல்லாம் நல்லா இருந்துச்சும்மா" என்பார்கள். மூன்று மாதம் கழித்து யாரோ ஒருத்தரின் சித்தப்பா மகன் வந்து, "அன்னைக்கி அவுக வந்தப்ப ஒங்க மொதலாளி எந்திரிச்சு வரலையாமுல்ல" என்று ஆரம்பிப்பான். போன வருஷம் தமிழ் படித்த ஒரு வெளிநாட்டு அம்மா வந்து தங்கினார். அகராதியில் பார்த்தும் சரியாக விளங்கவில்லை என்று சொல்லி, மனத்தாங்கல் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார். சந்தோஷமாக இல்லாமல் இருப்பது என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க மனசு ஆறவில்லை. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்ல வேண்டுமானால் எங்கள் அத்தையைத்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பி வீடு கட்டிப் பால் காய்ச்சினால் கூடப் பிறந்தவள்தான் முதல் பாலை ஊற்ற வேண்டும். அவள் ஊற்றி, அது பொங்கி வழிந்தால்தான் வீடு நிறையும் என்பார்கள். அப்பா ஊரில் இருந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் காரைக்குடியில் உரக்கடை போட்டு, பல வருஷம் வாடகை வீட்டில் இருந்து, பிறகு கட்டிய வீடு அது. அத்தை முதல் நாளே வந்திருக்க வேண்டியது. அவளுடைய மாமியார் வழுக்கி விழுந்துவிட்டதால் படுக்கையில் இருந்த கிழவியை விட்டுவிட்டு வர முடியவில்லை. விடிய முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். முதல் பஸ் பாதி வழியில் டயர் பஞ்சராகி நின்றுவிட்டது. செல்போன் எல்லாம் கிடையாது. ஐயர் நேரம் போகிறது, நேரம் போகிறது என்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து பறந்துகொண்டிருந்தார். அப்பா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து பார்த்தார். கடைசியில் என் சித்தியைக் கூப்பிட்டு, அதாவது அம்மாவின் தங்கையை, "நீயே ஊத்தும்மா" என்று சொல்லிவிட்டார். பால் நன்றாகத்தான் பொங்கியது. கிழக்குப் பக்கம் பொங்கியது என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

அத்தை வந்தபோது நான் வாசலில்தான் நின்றேன். இடுப்பில் ஒரு பித்தளைப் பானை. பால் காய்ச்சுவதற்கென்றே புதிதாக வாங்கி, புளி போட்டு விளக்கி, வெள்ளைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்க வேண்டும், முகமெல்லாம் வேர்வை. அப்பா அப்போது உரக் கம்பெனி ஆபீசர் ஒருத்தரோடு பேசிக்கொண்டிருந்தார். அத்தையைப் பார்த்ததும் பதறிப்போய், "என்னத்தா, மணி என்ன ஆகுது? எல்லாம் முடிஞ்சு போச்சே!" என்றார். அத்தை, "பஸ்ஸு பஞ்சரண்ணே" என்றாள். அவ்வளவுதான். அதற்குள் அம்மா ஓடிவந்து வாங்க வாங்க என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், பானையை வாங்கிச் சாமி முன்னால் வைத்தாள். சித்தி அத்தை கண்ணில் படாமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள். அத்தை வீட்டைச் சுற்றிப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள், எனக்குத் தலை பின்னிவிட்டாள். மாமியாருக்குக் கஞ்சி கொடுக்க வேண்டும் என்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டாள்.

கை நனைக்காமல் போவது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். விசேஷத்துக்கு வராமலே இருந்துவிட்டால் அது பகை. வந்து, முறை செய்து, நாலு பேரோடு பேசி, ஆனால் சாப்பிடாமல் போனால் அதுதான் மனத்தாங்கல். சோற்றில் கை வைக்கவில்லை என்றால் அந்த வீட்டின் மேல் ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். அத்தை அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. வராமல் இருந்தாளா என்றால், இல்லை. எல்லாவற்றுக்கும் வந்தாள். எனக்கு டைபாய்டு வந்தபோது வந்தாள். தம்பிக்குக் காது குத்தியபோது வந்து விடிய விடிய மாவாட்டிக் கொடுத்தாள். ஆனால் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அவள் சொல்லும் காரணங்களை வைத்து நானும் தம்பியும் விளையாடவே செய்வோம். இன்று விரதமா, வயிற்றுப் பொருமலா, இப்பத்தேன் சாப்பிட்டு வந்தேனா என்று பந்தயம் கட்டுவோம். ஒரு தடவை பல்வலி என்றாள். பல்வலிக்காரி கையில் இருந்த பையில் எங்களுக்காக வாங்கிய முறுக்கை எடுத்து, பதமாக இருக்கிறதா என்று கடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால் மனத்தாங்கலுக்கும் ஒரு எல்லை உண்டு. எங்கள் வீட்டுக்கு வெளியே அத்தை எங்களோடு நன்றாகச் சாப்பிடுவாள். என் கல்யாண மண்டபத்தில் பால் பணியாரத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதை நானே மணவறையிலிருந்து பார்த்தேன். என் மாமியார் வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் உட்கார்ந்து ஊறுகாய்ப் பாட்டிலைத் தானே எடுத்து வைத்துக்கொள்வாள். அப்பாவுக்குப் பிடிக்கும் என்று வருஷா வருஷம் மோர் மிளகாய் போட்டு அனுப்புவாள். அப்பா தேவகோட்டைக்குப் போனால் தெருவிலேயே நின்று "வாண்ணே, வாண்ணே" என்று அக்கம்பக்கம் கேட்கக் கூப்பிட்டு, மீன்குழம்பு வைத்து, அவர் போதும் போதும் என்னும்வரை பக்கத்தில் நின்று பரிமாறுவாள். அப்பா திரும்பி வந்து, "இன்னைக்கி ஒங்க அத்த கையால வயிறு முட்டச் சாப்ட்டேன்" என்று சந்தோஷமாகத்தான் சொல்வார். சொல்லி முடித்ததும் முகம் வாடிப்போகும். அவருக்கு இருந்தது ஒரே ஆசை. அவர் கட்டிய வீட்டில் அவருடைய தங்கை ஒரு வாய் சாப்பிட வேண்டும். வேறு எதையும் அவர் பெரிதாக ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

வாசலில் அத்தை தலை தெரிந்ததும் அப்பாவுக்குக் கை கால் ஓடாது. விறுவிறு என்று அடுப்படிக்கு வந்துவிடுவார். "தங்கச்சி வந்துருக்கு, காப்பியப் போடு. இட்லி இருக்கா? இல்லாட்டி கடைக்கு ஆளனுப்பு" என்று அம்மாவை விரட்டுவார். அம்மா வாசலுக்குப் போய் வரவேற்பாள். அப்பா காபி டம்ளரைத் தானே கையில் வாங்கிக்கொண்டு கூடத்துக்கு வருவார். அத்தை, "இப்பத்தேன் குடிச்சேன் அண்ணே" என்பாள். அப்பா டம்ளரை வைத்துக்கொண்டு சிறிது நேரம் நிற்பார், பிறகு அவரே குடித்துவிடுவார். அந்தக் காலத்தில் அத்தை மேல் எனக்குச் சரியான கோபம். ஒரு பால். ஊற்றியது யாராக இருந்தால் என்ன? வேண்டுமென்றா செய்தார்கள்? இவ்வளவு வைராக்கியம் ஒரு பொம்பளைக்கு ஆகாது என்றுகூட என் வயதுக்கு மீறிப் பேசியிருக்கிறேன். அப்பா ஒரு தடவைகூட அதை ஆமோதித்ததில்லை. "அவ மேல தப்பில்ல. நாந்தேன் ஐயர சித்த நேரம் நிறுத்தி வச்சிருக்கணும்" என்பார்.

ஒரு தடவை அத்தையிடமே கேட்டுவிட்டேன். "அத்தே, ஒங்களுக்கு எங்க வீட்டு மேல மனத்தாங்கலா?" என்றேன். அவள் சிரித்துக்கொண்டே என் கன்னத்தைக் கிள்ளி, "யாருடி சொன்னா? எங்கண்ணே வீட்டு மேல எனக்கென்னடி மனத்தாங்கல்?" என்றாள். வலிக்கக் கிள்ளினாள். இதை அப்பாவிடம் சொல்லி, நீங்களே நேரடியாகக் கேளுங்களேன் என்றேன். "கேட்டா இல்லேம்பா. இல்லேன்னு அவ வாயால சொல்லிட்டா அதுக்கப்புறம் நான் எங்குட்டுப் போயி மறுபடி கேக்குறது?" என்றார். உரக்கடையில் எத்தனை பேரிடம் வாயடித்து வியாபாரம் செய்த மனிதர், அந்த ஒரு கேள்விக்குப் பயந்தார்.

தம்பி படித்து முடித்து வேலைக்குப் போனதும் வீட்டுக்கு மாடி எடுத்தோம். அப்போது அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. மாடிக்கும் தனியாகப் பால் காய்ச்ச வேண்டும் என்றார். ஐயர், "மாடிக்குன்னு தனியாப் பால் காய்ச்சுற வழக்கம் இல்லையே" என்றார். "எங்க வீட்டு வழக்கம் சாமி" என்று அப்பா ஒரே போடாகப் போட்டுவிட்டார். பஸ்ஸை நம்பாமல் கார் வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே அவரே தேவகோட்டை போய் அத்தையைக் கூட்டிவந்தார். வாசலில் கார் நின்றதும் முதல் ஆளாக இறங்கி, அடுப்பு தயாரா, பால் வந்துவிட்டதா என்று மாடிக்கு ஓடினார். அத்தை கொண்டுவந்த அந்தப் பித்தளைப் பானையையே அம்மா பத்திரமாக எடுத்து வைத்திருந்தாள். அதில்தான் காய்ச்சினார்கள். அத்தை பாலை ஊற்றினாள், பொங்கி வழிந்தது, பெண்கள் குலவை போட்டார்கள். அவளே டம்ளர் டம்ளராக ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தாள். அப்பாவுக்குக் கொடுத்தபோது அவர் கண் கலங்கிப்போய் வாங்கிக் குடித்தார். கடைசியாக அம்மா ஒரு டம்ளரை அத்தையிடம் நீட்டினாள். "எனக்குப் பாலு குடிச்சாச் சளி பிடிச்சுக்கிரும் மதினி" என்றாள் அத்தை.

அன்று சாயங்காலம் அம்மா ஆடிய ஆட்டம் இருக்கிறதே, மாடி இடிந்து விழாததுதான் பாக்கி. "ஊருக்கெல்லாம் ஊத்திக் குடுத்த பாலு ஒங்க தங்கச்சிக்கு மட்டுந்தேன் சளி பிடிக்குமாக்கும்! இனிமே இந்த வீட்டுல யாரும் அவுகள ஒரு வாய் சாப்புடுங்கன்னு சொல்லக் கூடாது, ஆமா!" என்று கத்தினாள். அப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வயதாகிவிட்டது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அன்னைக்கிப் போனது போனதுதேன் ஆத்தா. ரெண்டாந்தரம் ஊத்துனா அது சரியாகுமா?" என்றார்.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் அப்படியே ஓடின. அத்தையும் வருவாள், அப்பாவும் அடுப்படிக்கு ஓடுவார், காபியும் திரும்பி வரும். பழகிவிட்டது. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது முதல் ஆளாக வந்து நின்றவள் அத்தைதான். அங்கே கேன்டீனில் வாங்கி வந்த பொங்கலை நாங்கள் இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் சாப்பிட்டோம். அப்பா படுக்கையில் இருந்தபடியே அத்தை சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கும் வந்தார். ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தார். ஒரு நாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார்.

சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று சொல்லக் கூடாது. வருகிறவர்கள் பேசாமல் வருவார்கள், அழுவார்கள், உட்காருவார்கள். போகும்போதும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லாமல் போவார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான், எனக்குத்தான் அன்று பெரிய பாடாகப் போய்விட்டது. ஓட்டலில் காலையிலிருந்து மாலை வரை வாங்க வாங்க என்று சொல்லியே பிழைக்கிறவள். யாராவது வாசலில் தெரிந்தால் நான் என்னை அறியாமல் எழுந்து வாயைத் திறப்பேன், பக்கத்தில் இருந்த தம்பி மனைவி என் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பாள். அத்தையும் அப்படித்தான் வந்தாள். யாரும் எதுவும் சொல்லவில்லை. அண்ணன் காலடியில் போய் உட்கார்ந்தவள், தூக்கிக்கொண்டு போகும்வரை அங்கிருந்து நகரவில்லை. ஒப்பாரி வைக்கக்கூட இல்லை. அவருடைய கால் விரல்களைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்து குளித்த பிறகுதான் வீட்டில் அடுப்புப் பற்ற வைத்தோம். சோறு, பருப்பு, அகத்திக்கீரை. கூடத்தில் பெண்களுக்கு இலை போட்டார்கள். நான் கீரை பரிமாறிக்கொண்டு வந்தேன். வரிசையில் அத்தை உட்கார்ந்திருந்தாள். உறவுக்காரர்களோடு சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தாள். கீரைக் கரண்டி என் கையில் அப்படியே நின்றுவிட்டது. சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்திருந்த அம்மாவும் பார்த்துவிட்டாள். ஒரு நாள் முழுக்க அழுது அடங்கிப்போயிருந்தவள் மறுபடி வெடித்துவிட்டாள்.

"இதப் பாக்க அவுக இல்லையே ஆத்தா! அந்தப் பாலுக்காக அவுக பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா?" என்று அழுதாள். அத்தை நிமிர்ந்து பார்த்தாள். உண்மையாகவே அவளுக்கு விளங்கவில்லை.

"எந்தப் பாலு மதினி?" என்றாள்.

வீடு குடிபோன அன்று என் தங்கச்சி ஊற்றினாளே, அந்தப் பால் என்று அம்மா தேம்பித் தேம்பிச் சொன்னாள். ஐயரை நிறுத்தி வைக்கவில்லையே என்று சாகிறவரை புலம்பினார் என்றாள். அத்தை வாயில் இருந்த சோற்றை விழுங்க முடியாமல் விழுங்கினாள். "அடி ஆத்தி! அதுக்கா? பஸ்ஸு பஞ்சரானா ஐயரு என்ன செய்வாரு, நல்ல நேரம் எனக்காக நிக்குமா? அதுக்கா நான் எங்கண்ணே வீட்டுல சாப்புடாம இருப்பேன்?" என்றாள். பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு எங்கண்ணே மேல மனத்தாங்கல் இருந்துச்சு மதினி. இல்லேன்னு சொல்லல. அது பாலுக்கு இல்ல. பானையத் தூக்கிக்கிட்டு அம்புட்டு ஓட்டமா ஓடியாந்து வாசல்ல நிக்கிறேன். மணி என்னாகுதுன்னு கேட்டுச்சு. எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லுச்சு. வான்னு ஒரு வார்த்த சொல்லல."

"நாந்தேன் ஓடியாந்து வாங்க வாங்கன்னு கையப் பிடிச்சேனே" என்றாள் அம்மா.

"நீக சொன்னீக. நீக சொன்னா நான் விருந்தாளி மதினி. ஊருல இருந்த பழைய வீட்டுக்கு என்னைய யாரும் வான்னு சொல்ல வேண்டியதில்ல, நான் பொறந்த வீடு. இது எங்கண்ணே கட்டுன வீடு. அண்ணே வான்னு கூப்புட்டாத்தேன் இதும் எனக்குப் பொறந்த வீடு. அன்னைக்கித்தேன் மறந்து போச்சு, போகட்டும். அதுக்கப்புறம் எத்தன தடவ வந்தேன்? என்னையக் கண்டதும் மொகத்தத் திருப்பிக்கிட்டு உள்ள ஓடிப்போயிரும்."

அப்பா அடுப்படிக்கு ஓடி வருவது என் கண் முன்னால் வந்தது. தங்கச்சி வந்துருக்கு, காப்பியப் போடு என்று அவர் அடித்துக்கொண்டது அடுப்படியில் இருந்த எங்களுக்குக் கேட்டது. வாசலில் நின்றவளுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்திருக்கிறது. மாடிக்குப் பால் காய்ச்சிய அன்றுகூட, அவ்வளவு தூரம் காரில் போய்க் கூட்டிவந்த மனிதர், வாசலுக்கு வந்ததும் அவளை விட்டுவிட்டு மேலே ஓடினார். பட்டதெல்லாம் அவளுக்காகத்தான். எனக்கு அப்பாவை எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவ்வளவு சின்னதுப்பா, ஒரே ஒரு எழுத்து என்று கத்த வேண்டும் போல இருந்தது.

"ஒரு தடவ கேட்டுருக்கக் கூடாதா நீக? ஏண்ணே, வான்னு சொல்ல மாட்டியான்னு கேட்டுருந்தா அவுக கால்ல விழுந்துருப்பாகளே!" என்றாள் அம்மா.

"கேட்டு வாங்குறதா மதினி அது?" என்றாள் அத்தை.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "அப்ப இன்னைக்கி மட்டும் ஏன் அத்தே சாப்புடுறீக?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது. அத்தை கோபப்படவில்லை. "இனிமே வான்னு சொல்றதுக்கு ஆளு இல்லையேடி. யாருகிட்ட எதிர்பாத்து நான் வயித்தக் காயப்போடுறது?" என்றாள். அம்மா பாயிலிருந்து எழுந்தாள். பதினாறு முடியும்வரை அவள் இடத்தைவிட்டு எழுந்து எதையும் தொடக் கூடாது என்று யாரோ ஒரு பெரிய மனுஷி சொன்னாள். அம்மா அதைக் காதில் வாங்காமல் வந்து, சோற்றுச் சட்டியைத் தானே எடுத்து, அத்தை இலையில் இன்னொரு கரண்டி வைத்தாள். அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போதும் அத்தை வருகிறாள். தம்பி வெளியூரில் இருப்பதால் அம்மாவுக்குத் துணையாக மாதத்தில் பாதி நாள் இங்கேதான் இருக்கிறாள். காலையில் காபி கொஞ்சம் தாமதமானால் சத்தம் போடுகிறாள். பால் குடித்தால் சளி பிடிப்பதும் இல்லை. கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் நாங்கள் எல்லோரும் வாங்க வாங்க என்று போட்டி போட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறோம், லீவுக்கு வந்திருக்கும் தம்பி பிள்ளைகள் உட்பட. அத்தை எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஆனாலும் பையைக் கீழே வைத்துவிட்டு, நிலைப்படிக்கு வெளியே சிறிது நேரம் சும்மா நிற்கிறாள். பிறகுதான் உள்ளே வருகிறாள்.